பழைய ரூபவாஹினி விளம்பரங்களைக் கசெட்டிலிருந்து மீட்க எந்தக் கருவி?

வீட்டு வீடியோ டெக்கில் படம் பதிந்தவர்கள், விளம்பரம் வந்ததும் பதிவை இடைநிறுத்தும் பாஸ் (pause) பட்டனை அமத்திவிடுவார்கள். ஆகவே 1982 பெப்ரவரி 15 இல் தொடங்கிய, இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் பழைய விளம்பரங்கள் வீட்டுக் கசெட்டுகளில் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் மிஞ்சியிருக்கும். ஒன்று, பாஸ் அமத்தப் பிந்திய சில செக்கன்கள். மற்றது, டைமரைப் போட்டுவிட்டு ஆள் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போன நாளில் முழுதாகப் பதிந்தது.

முதல் வகைதான் சிக்கல். பாஸ் அமத்திய இடத்தில் பழைய சிக்னலும் புதிய சிக்னலும் ஒட்டும்போது, படத்தை நிலையாக நிறுத்தும் ஒத்திசைவுத் துடிப்பு குலையும். அந்த இடத்தைக் கருவி எப்படிக் கடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கருவியைத் தெரிவு செய்ய வேண்டும். படக்கூர்மை அதற்குப் பிறகுதான். வி.எச்.எஸ். கசெட் தருவதே கிடையாகச் சுமார் 240 கோடுகள். அதில் பெரிய வித்தியாசம் காட்ட எந்தக் கருவிக்கும் இடமில்லை.

டெக்கின் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் மலிவான யூ.எஸ்.பி. கேப்சர் குச்சி எல்லோருக்கும் தெரிந்தது. சிக்னல் சீராக இருக்கும்வரை அது பரவாயில்லை. ஒட்டு இடம் வந்ததும் சில பிரேம்களை விழுங்கும், அல்லது நீலத்திரை காட்டும். 30 செக்கன் விளம்பரத்தில் முதல் 2 செக்கன் போனால் பொருளின் பெயரே போய்விடலாம். விழுங்கிய பிரேம்களுக்கு ஏற்ப ஒலி குறையாததால், ஒவ்வொரு ஒட்டுக்கும் வாயசைவும் குரலும் விலகிக்கொண்டே போகும். ஒரு நாடகத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் இது போதும். விளம்பரத்துக்குப் போதாது.

ஏ.வி. சிக்னலை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சின்னப் பெட்டியை வாங்கவே வேண்டாம். நமது ஒளிபரப்பு பால் (PAL) முறை: 625 கோடு, செக்கனுக்கு 25 பிரேம், அதாவது 50 அரைப்பிரேம். அநேகமான பெட்டிகள் இதை 60 ஆக்கி, 4:3 படத்தை அகலத்துக்கு இழுத்து, அரைப்பிரேம்களைக் குழப்பிக் கலந்துவிடும். பிறகு பிரிக்க வழியில்லை.

மூன்றாவது வழி, சின்ன டிஜிட்டல் நாடாவில் பதியும் மினி டிவி (MiniDV) கேமரா. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் 2000களில் கலியாண வீடியோ எடுத்த ஸ்டூடியோக்களின் அலுமாரியில் ஒன்று கிடக்கக் கூடும். டெக்கின் வெளியீட்டைக் கேமராவுக்குக் கொடுத்து, மெனுவில் ஏ.வி.யிலிருந்து டிவிக்கு (DV) மாற்றும் தெரிவைப் போட்டு, ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினிக்கு எடுக்கலாம். ஒலியும் படமும் ஒரே ஓடையில் வருவதால் விலகல் மிகக் குறைவு. ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும். குறை என்னவென்றால், நிறத் தகவல் சுருங்கும். ஐரோப்பாவில் விற்ற பல மாதிரிகளில் வெளிச் சிக்னலை உள்வாங்கும் வசதியே அடைக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் மெனுவைத் திறந்து பாருங்கள்.

நம் தேவைக்கு அதிகம் பொருந்துவது நான்காவது வழி: டெக்குக்கும் கேப்சர் குச்சிக்கும் நடுவே ஒரு டிவிடி ரெக்கோர்டர். டிஸ்க்கில் பதிவதில்லை, சிக்னல் உள்ளே போய் வெளியே வரும், அவ்வளவுதான். பனசோனிக் டி.எம்.ஆர். இ.எஸ்.10, இ.எஸ்.15 ஆகியவை இதற்குப் பெயர் போனவை. படத்தின் மேல்விளிம்பு கொடிபோல் வளைவதை நிமிர்த்தி, குலைந்த ஒத்திசைவைச் சீராக்கிக் கொடுப்பதால் குச்சி தடுமாறுவது வெகுவாகக் குறையும். பால் மாதிரியாகப் பார்த்து வாங்க வேண்டும். இ.எஸ்.10 முகங்களைச் சற்று மெழுகுபோல் ஆக்கும். உள்ளீட்டு இரைச்சல் குறைப்பை நிறுத்தக்கூடிய இ.எஸ்.15 நல்லது. கணினியில் 720க்கு 576 அளவில், ஹஃப்யுவ் போன்ற இழப்பற்ற முறையில் பதிந்தால் மணித்தியாலத்துக்கு 30 முதல் 40 ஜி.பி. வரும். அன்டெனா சரியாக எடுக்காமல் புள்ளிமழை விழுந்த பதிவென்றால் இன்னும் கூடும். அப்படிப்பட்ட கசெட்டை நேரே எம்.பி.4 ஆக்கினால், புள்ளிகளைச் சுருக்கவே பிட்கள் செலவாகி முகமெல்லாம் கட்டங்கட்டமாகும்.

ஐந்தாவது, நாடாவைப் படிக்கும் டெக்கின் தலையிலிருந்து வரும், இன்னும் படமாக மாறாத மூல ஆர்.எஃப். சிக்னலையே பிடித்து, வி.எச்.எஸ். டிகோட் மென்பொருளால் படமாக்குவது. ஒட்டு இடத்தைக் கையாள இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் டெக்கைத் திறந்து முன்பெருக்கியின் சோதனைப் புள்ளியில் வயர் பற்றவைக்க வேண்டும். அந்தச் சிக்னலைப் பிடிக்கும் சி.எக்ஸ். கணினி அட்டையின் வழமையான 28.6 மெகாஹேட்ஸ் வேகத்தில், சுருக்காமல் மணித்தியாலத்துக்கு 103 ஜி.பி. போகும். கணினி அதை மெதுவாகத்தான் படமாக்கும். வீடு நிறையக் கசெட் வைத்திருப்பவருக்கு இது ஆகாது. வேறெங்கும் கிடைக்காத ஒரு கசெட்டுக்கு மட்டும் இந்தப் பாடு பெறும்.

எந்த வழியானாலும் டெக் மெனுவில் நீலத்திரையை நிறுத்துங்கள். சிக்னல் சற்றுத் தளர்ந்தாலே படத்தை மறைப்பது அதுதான். தலையை நாடாவின் தடத்தோடு பொருத்தும் ட்ராக்கிங்கைக் கையால் வையுங்கள். ஒட்டு இடத்தில் தானியங்கி ட்ராக்கிங் தடவித்தேடும் நேரத்தில் விளம்பரம் பாதி ஓடிவிடும். மத்திய கிழக்கிலிருந்து வந்த, பல நிற முறைகளை ஓட்டும் டெக்கென்றால், நிற முறையைப் பாலிலேயே நிறுத்துங்கள்.

கருவியைச் சோதிக்க, ஒட்டு உள்ள பத்து நிமிடத்தை இரண்டு தடவை பதியுங்கள். அடையாளம் தெரியும் இரு பிரேம்களுக்கு இடைப்பட்ட எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து நிமிடமென்றால் சுமார் 15,000. ஒவ்வொரு முறையும் எண் மாறினால் கருவி விழுங்குகிறது.

இத்தனைக்கும் முன்னால் பூஞ்சணம். கடலும் வாவியும் சூழ்ந்த கிழக்குக் கரை ஊரில், மாரி காலத்தில் கசெட்டைத் திறப்பது வீண் வேலை. கச்சான் வீசும் ஆனி, ஆடியில் காற்று உலர்ந்திருக்கும்; அப்போது செய்யுங்கள். கண்ணாடிச் சாளரத்தால் பார்க்கையில் நாடாச் சுருளில் வெள்ளைத் தூள் தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். ஒரு கசெட்டின் பூஞ்சணம் தலை வழியாக அடுத்ததற்கும் தொற்றும். சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் சில நாள் வைத்து உலர்த்திவிட்டுத் துடைக்கலாம். வெயிலில் காயவைத்தால் நாடா நெளியும். மேல்விளிம்பு நெளிந்தால் ஒலி கெடும், கீழ்விளிம்பு நெளிந்தால் கட்டுப்பாட்டுத் தடம் கெட்டுப் படம் நிலைக்காது. 2004 சுனாமியில் உப்புநீர் பட்டு உலர்ந்த கசெட்டை ஓடவிடவே கூடாது: உப்புப் படிகம் நாடாவையும் தலையையும் சேர்த்துக் கீறும்.

தலை துடைக்கப் பஞ்சுக் குச்சி வேண்டாம், இழை சிக்கித் தலை உடையும். 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த வெள்ளைத் தாளைத் தலைமேல் அசையாமல் பிடித்து, உருளையை மட்டும் கையால் சுற்றுங்கள்.

அறுந்த நாடாவுக்குச் செலோரேப் ஒட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பசை உருகித் தலையை மூடிவிடும். ஒட்டுவதற்கென்றே உள்ள நாடாவால் ஒட்டுங்கள். ஒட்டிய இடம் தலை மேல் ஓடாமலிருக்க, இரு துண்டுகளையும் வெவ்வேறு கூட்டுக்கு மாற்றுவது அதைவிடப் பாதுகாப்பு. கசெட்டின் பதிவுத் தட்டு உடைக்கப்படாமல் இருந்தால், தவறுதலாக மேலே பதிந்துவிடாமலிருக்க முதல் வேலையாக அதை உடைத்துவிடுங்கள்.