ஸ்கிரீன் பிரிண்டிங்கா, லினோ வெட்டா?

சிக்கானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களின்) அச்சுப்படங்களைப் பார்த்துக் கை பரபரப்பவர்கள் தயங்கி நிற்கும் இடம் இது: சட்டத்தில் கட்டிய துணி வழியாக மையைத் தள்ளும் ஸ்கிரீனா, லினோலியத் தகட்டைச் செதுக்கி மை பூசித் தாளில் பதிக்கும் லினோவா?

செலவு: ஸ்கிரீனுக்குச் சட்டம், துணி, நிறத்துக்கொரு ஸ்டென்சில். லினோவுக்குத் தகடு, உளி, மை. தாளின் முதுகைத் தேய்க்க ஒரு கரண்டி.

நிறம்: சந்தேகமே இல்லை, ஸ்கிரீன். எஸ்தர் எர்னாண்டஸின் ‘சன் மேட்’ (1982) படத்தைப் பாருங்கள். ‘சன்-மெய்ட்’ என்ற அமெரிக்க உலர்திராட்சைப் பெட்டியின் அதே சிவப்பு, மஞ்சள்; பெயரிலும் அதே கேலி (‘மேட்’ என்றால் கோபம்). சிரிக்கும் பெண் இருந்த இடத்தில் தொப்பியணிந்த எலும்புக்கூடு. கலிஃபோர்னியாவில் அவரது சொந்த ஊர்த் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்த கோபம் அது. கடைச்சரக்கின் பளபளப்பு இல்லாமல் அந்தக் கேலி எடுபடாது.

கோடு: லினோ. எலும்புக்கூட்டுப் படங்களுக்குப் பெயர்பெற்ற மெக்சிகோ அச்சுக்கலைஞர் பொசாடாவிடம் ஊக்கம் பெற்ற சிகாகோக்காரர் கார்லோஸ் கோர்டெஸ், தொழிலாளர் முகங்களை அப்படித்தான் செதுக்கினார். எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும், பிசகினால் போயிற்று.

ஊர்வலத்துக்கு வண்ணச் சுவரொட்டிகளா? ஸ்கிரீன். வீட்டு மேசையில் தனியாகவா? லினோ.