நெட் போனாலும் நிற்காத ஜிகாம்ப்ரி: மலைப்பக்கப் பிள்ளைகளுக்கு ஏற்றதா?

கோத்தகிரி, குந்தா பக்கம் மழை பிடித்துக்கொண்டால் நெட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆன்லைன் விளையாட்டை நம்பிச் சின்னப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் பழக்கினால் பாதியில் நின்றுவிடும். நிற்காத நாளில் விளம்பரம் வந்து பிள்ளையை வேறெங்கோ இழுத்துப் போகும். ஜிகாம்ப்ரியில் (GCompris) இரண்டு தொல்லையும் இல்லை. 2000-இல் தொடங்கி இன்று கேடிஈ (KDE) என்ற இலவச மென்பொருள் தன்னார்வலர் சமூகத்தின் கையில் இருக்கும் இலவச மென்பொருள் இது. 2 முதல் 10 வயது வரைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட பயிற்சிகள். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் ஓடும். குரல் கோப்புகள் தனியாக இறங்கும். குன்னூரிலோ ஊட்டியிலோ நல்ல சிக்னல் கிடைக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

இதன் உயிர் மவுஸ் பயிற்சிதான். படத்தை மூடியிருக்கும் கட்டங்களை முதலில் மவுஸை நகர்த்தியே அழிக்க வேண்டும், அடுத்து ஒரு கிளிக்கில், பிறகு டபுள் கிளிக்கில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் திணறுவது மூன்றாவதில். விரல் மெதுவாக இருப்பது மட்டும் காரணமில்லை, இரண்டு கிளிக்குக்கு நடுவே கை நகர்ந்துவிடுகிறது. விண்டோஸின் மவுஸ் அமைப்பில் பாயிண்டர் வேகத்தையும் டபுள் கிளிக் வேகத்தையும் குறைத்து, மணிக்கட்டை மேசையில் ஊன்றச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரியவர்கள் மவுஸ் பிள்ளையின் உள்ளங்கைக்கு அடங்காது; சிறியதாக ஒன்று வாங்குங்கள். பனிக்காலக் காலையில் விரல் விறைத்திருக்கும்போது உட்கார வைக்கவே வேண்டாம்.

விழும் எழுத்தைத் தட்டும் பயிற்சியில் ஒரு சிக்கல். கீபோர்டில் அச்சாகியிருப்பது ஆங்கிலப் பெரிய எழுத்து. திரையில் சின்ன எழுத்து விழுந்தால் பிள்ளை தேடித் தேடிச் சலித்துவிடும். அந்தப் பயிற்சியின் அமைப்பிலேயே 'பெரிய எழுத்து மட்டும்' என்ற வசதி இருக்கிறது. முதல் சில வாரம் அதையே வைத்திருங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் திரை கறுப்பாக நின்றால் சாஃப்ட்வேர் ரெண்டரர் முறையில், அதாவது கிராபிக்ஸ் சிப்பை நம்பாமல் படம் வரையும் முறையில், திறந்து பாருங்கள். பால்வாடியில் பல பிள்ளைகள் ஒரே கம்ப்யூட்டரைத் தொடுவார்கள் என்றால் கியாஸ்க் முறை நல்லது. வெளியேறும் பொத்தானும் அமைப்புப் பொத்தானும் மறைந்துவிடும்.

குறை என்றால் ஒன்று பெரிது. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக்கூடாது, தெரியாதவர் அனுப்பியதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் இது சொல்லித்தராது. அதற்கு நீங்கள்தான் பக்கத்தில் உட்கார வேண்டும். நேரக் கணக்கும் உங்கள் பொறுப்பே: 2 முதல் 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய பிள்ளைகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடமாக்குங்கள்.

எஸ்டேட் லைன் வீடுகளில் பெரும்பாலும் அப்பாவின் ஒரே போன்தான் இருக்கும். அதில் ஜிகாம்ப்ரியைத் திறந்து, பாதுகாப்பு அமைப்பில் உள்ள ஆப் பின்னிங்கை (ஒரே செயலியைத் திரையில் பூட்டி வைக்கும் வசதி) போட்டு, விடுவிக்க பின் நம்பர் கேட்கும்படி வைத்துக் கொடுங்கள். அந்த நம்பர் தெரியாமல் பிள்ளையால் வாட்ஸ்அப்புக்கோ பணம் அனுப்பும் செயலிக்கோ போக முடியாது.