குயிஸ்னேர் கோல்கள்: 74 கோல் பெட்டி ஒரு வகுப்புக்குத் தாங்குமா?

தொடக்க வகுப்புகளுக்கு ஒரே ஒரு கணித உபகரணம்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், குயிஸ்னேர் கோல்களை வாங்குங்கள். பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குயிஸ்னேர் உருவாக்கிய இந்தக் கோல்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1952-இல் வந்தது. அதன்பின் கணிதக் கல்வியாளர் காலெப் கட்டெக்னோ இவற்றைப் பல நாட்டு வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு கோலும் 1 செ.மீ. அகலம், 1 செ.மீ. உயரம். நீளம் மட்டும் 1 முதல் 10 செ.மீ. வரை மாறும், நீளத்துக்கு ஒரு நிறம்.

பரவலாகக் கிடைக்கும் சிறிய பெட்டியில் 74 கோல்கள் இருக்கும்: வெள்ளை (1 செ.மீ.) 22, சிவப்பு (2) 12, இளம்பச்சை (3) 10, ஊதா (4) 6, அதற்கு மேல் மஞ்சள் (5), கரும்பச்சை (6), கருப்பு (7), பழுப்பு (8), நீலம் (9), ஆரஞ்சு (10) ஒவ்வொன்றிலும் 4. நிறத்திலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 2, 4, 8 மூன்றும் சிவப்புக் குடும்பம். 3, 6, 9 பச்சை-நீலம். 5, 10 மஞ்சள். பெரியவர்கள் வியக்கும் ஏற்பாடு இது. குழந்தைகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை, அதனால் ஒன்றும் கெட்டுப்போவதுமில்லை.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, கோலில் எண்ணோ செ.மீ. கோடோ அச்சிட்டிருக்கிறதா என்பது. இருந்தால் வேண்டாம். கோடு இருந்தால் குழந்தை நீளங்களை ஒப்பிடாது, கோடுகளை ஒன்று இரண்டு என எண்ண ஆரம்பித்துவிடும். விரல் விட்டு எண்ணுவதைத் தாண்டத்தான் இந்தக் கோல்களே. அடுத்தது அளவு. பத்து வெள்ளைகளை வரிசையாக நெருக்கி வைத்து, பக்கத்தில் ஒரு ஆரஞ்சை வையுங்கள். ஒவ்வொரு வெள்ளையிலும் கால் மில்லிமீட்டர் பிசகினால்கூடப் பத்தில் இரண்டரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். "சமமா இல்லையே" என்று குழந்தை சொல்லும், அதன் கண் சொல்வதுதான் சரி. அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மரக்கோல் கைக்கு இதமானது, ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும். பிளாஸ்டிக்கைக் கழுவலாம், ஆனால் முப்பது பேர் மேசையில் கொட்டும் சத்தம் காதைப் பிளக்கும். அடியில் ஒரு துணி விரித்தால் பாதி அடங்கும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வெள்ளைக் கோல் ஆகாது, தொண்டையில் சிக்கும் அளவு அது.

முதல் நாள் பாடம் வைக்காதீர்கள். இருபது நிமிடம் சும்மா விளையாட விடுங்கள். அதைத் தவிர்த்தால், நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும்போது கோபுரம் கட்டுவார்கள். பிறகு படிக்கட்டு: வெள்ளையிலிருந்து ஆரஞ்சு வரை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு படியின் மேலும் ஒரு வெள்ளை வைத்தால் அடுத்த படியின் உயரம் வருவதைக் கையாலேயே கண்டுகொள்வார்கள். கழித்தலும் அதே எளிமை. நீலத்துக்குப் பக்கத்தில் ஊதாவை வை, மிச்ச இடத்தில் எது பொருந்தும்? மஞ்சள்.

கோல்களின் உண்மையான பலம் தெரிவது 'ரயில்' விளையாட்டில். ஒரு கோலை எடுத்து, அதே நீளத்துக்குக் கோல்களை முனையோடு முனை சேர்த்து எத்தனை விதமாக ரயில் விடலாம் என்று கேளுங்கள். சிவப்பு–வெள்ளையும் வெள்ளை–சிவப்பும் வெவ்வேறா ஒன்றா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாடவேளை சண்டையில் போகும். வெவ்வேறு என்று வைத்து, அந்தக் கோல் தனியாக நிற்பதையும் ஒரு ரயிலாக எண்ணினால், இளம்பச்சைக்கு 4 ரயில், ஊதாவுக்கு 8. அடுத்து மஞ்சளுக்கு எத்தனை என்று ஊகிக்கச் சொன்னால் 10, 12 என்ற பதில்கள் வரும். விடை 16. ஏன் இரட்டிக்கிறது என்பதையும் கோல்களே காட்டும்: நான்கின் ஒவ்வொரு ரயிலுக்கும் கடைசியில் ஒரு வெள்ளையைச் சேர்க்கலாம், அல்லது கடைசிக் கோலை எடுத்துவிட்டு ஒரு படி நீளமானதைப் போடலாம். ஒன்றிலிருந்து இரண்டு பிறக்கிறது.

பெட்டி கைவிடுவதும் இங்கேதான். ஊதாவின் 8 ரயில்களையும் ஒரே நேரத்தில் மேசையில் அடுக்க 12 வெள்ளை, 5 சிவப்பு, 2 இளம்பச்சை, 1 ஊதா போதும். மஞ்சளின் 16 ரயில்களுக்கு 28 வெள்ளை வேண்டும். பெட்டியில் இருப்பதோ 22. சிவப்பு 12 வேண்டும், அது மட்டும் கச்சிதமாக இருக்கிறது. ஆறு வெள்ளைக்காகக் கண்டுபிடிப்பு பாதியில் நின்றால் குழந்தை அடையும் எரிச்சல் சிறிதல்ல. ஆகவே இரண்டு பேருக்கு ஒரு பெட்டி, மஞ்சள் ரயில் நாளில் மட்டும் நால்வருக்கு இரண்டு பெட்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள். முப்பது பேருக்கு 15 பெட்டிகள், அதாவது 1,110 கோல்கள்.

பின்னத்துக்கு ஒரு பெட்டி தாராளம். ஆரஞ்சோடு சிவப்பைச் சேர்த்து 12 ஆக்கி, அதை 'ஒன்று' என்று சொல்லுங்கள். அதன் கீழே இரண்டு கரும்பச்சை, மூன்று ஊதா, நான்கு இளம்பச்சை, ஆறு சிவப்பு, பன்னிரண்டு வெள்ளை என அடுக்கினால் பின்னச் சுவர் எழும்பிவிடும். இதில் தவறு நடப்பது ஆசிரியர் வாயால். கூட்டல் பாடத்தில் "சிவப்புன்னா ரெண்டு" என்று பலமுறை சொல்லிப் பழக்கிய வகுப்பு, சிவப்பு மூன்றில் ஒன்றாக முடியும் என்பதை ஏற்காது. முதல் வாரத்திலிருந்தே கோலை நிறத்தால் மட்டும் அழையுங்கள். அப்புறம் கேட்கலாம்: பழுப்பு ஒன்று என்றால் சிவப்பு என்ன? கால். கரும்பச்சை ஒன்று என்றால்? மூன்றில் ஒன்று. சிவப்பே ஒன்று என்றால் இளம்பச்சை என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். ஒன்றரை.

இடமதிப்புக்கு இது சரியான கருவியல்ல. 347-ஐக் காட்ட நூறைக் குறிக்கும் சதுரப் பலகையும் வேண்டும். செ.மீ. அளவில் செய்த பத்தடிமானக் கட்டைகள் (ஒன்று, பத்து, நூறு எனக் காட்டும் கட்டைகள்) இருந்தால் வெள்ளை ஒன்றாகவும் ஆரஞ்சு பத்தாகவும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குக் கரும்பச்சை, கருப்பு, பழுப்பு மூன்றும் குழப்பும், மங்கிய வெளிச்சத்தில் எல்லோருக்குமே குழப்பும். நீளம் வைத்துத் தேடப் பழக்கினால் சமாளிக்கலாம்.

கோல் தொலைவதுதான் எல்லோரும் சொல்லும் குறை. 74-ஐயும் எண்ணிப் பார்க்க நேரமிருக்காது, தேவையுமில்லை. மொத்த நீளம் 280 செ.மீ. ஓர் அட்டையில் 28 செ.மீ.க்கு 10 செ.மீ. என்று செவ்வகம் வரைந்து பெட்டிக்குள் வையுங்கள். 9-ஓடு 1, 8-ஓடு 2, 7-ஓடு 3, 6-ஓடு 4, 5-ஓடு 5 என்று பத்துப் பத்தாக அடுக்கினால் செவ்வகம் இடைவெளியின்றி நிரம்பும். மர அளவில் சிறு பிசகு இருக்கக்கூடும் என்பதால் கோட்டை மூன்று, நான்கு மில்லிமீட்டர் தாராளமாகவே போடுங்கள். கடைசியில் 3 செ.மீ. ஓட்டை தெரிந்தால் தேட வேண்டியது ஒரு இளம்பச்சை, அல்லது ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும், அல்லது மூன்று வெள்ளை. எது என்று பிள்ளைகளே மேசைக்கடியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.