மொறிஸ் மைனருக்கு ஃபாகிங் ஒயில்: பல குளிர்காலப் பாவனைக்குப் பிறகு

பழைய ஒஸ்ரின் கார் ஒன்று வாங்கிய நண்பர் போன கிழமை கேட்டார்: "அண்ணை, குளிருக்கு முதல் எஞ்சினுக்குள்ள ஃபாகிங் ஒயில் அடிக்கத்தான் வேணுமோ?" தொலைபேசியில் சொல்லி முடியாததால் எழுதுகிறேன். ஃபாகிங் ஒயில் என்றால், கார் மாதக்கணக்கில் சும்மா நிற்கும்போது எஞ்சினின் உட்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க டின்னிலிருந்து அடிக்கிற ஒட்டும் ஒயில்.

ரொறன்ரோவில் நவம்பரில் கராஜுக்குள் போனால், ரோட்டு உப்பு மழையில் கழுவுப்பட்ட பிறகுதான் என் 1098 சிசி மொறிஸ் மைனர் வெளியே வரும். மூடும் முன் ஒயில் மாற்றுவது, பாதிக்குப் பாதி கூலன்ட், பெற்றோல் பழுதாகாமலிருக்க அதில் ஸ்டெபிலைசர் எல்லாம் தெரிந்த சங்கதி. இடையிடையே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் உருவாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறாவிட்டால் அதில் ஒரு பங்கு ஒயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும்.

சரி, ஃபாகிங் ஒயில். துரு பிடிக்காமல் காப்பதில் குறையே இல்லை. ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சின்னக் கமெரா விட்டுப் பார்த்தேன். சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள், அதாவது சுவரைத் தீட்டும்போது விழும் மெல்லிய கீறல்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

ஆனால் எஞ்சின் ஓடும்போது காபுரேற்றர் வாய்க்குள் அடிக்கச் சொல்கிறது டின். காபுரேற்றர்தான் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது; என்னுடையது எஸ்.யூ. என்ற வகை. அதற்குள் இருக்கும் பிஸ்டன் மயிரிழை இடைவெளியில் ஏறி இறங்குவது. பக்கத்திலுள்ள சின்னப் பின்னை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த 'டக்' வருவதில்லை. ஒயில் பிசினாகிப் பிஸ்டனைப் பிடித்து வைத்திருக்கும். பிஸ்டனுக்கு மேல் மூடியாக இருக்கும் டாஷ்பொட்டைக் கழற்றி, பிஸ்டனின் அடியிலுள்ள ஊசி வளையாமல் பிஸ்டனை எடுத்து, கிளீனர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். எமரித்தாள் கிட்டவும் போகக்கூடாது. அப்புறம் பிளக்குகள் நான்கும் ஒயிலில் ஊறிக் கிடக்கும். இப்படியான காபுரேற்றர் பற்றி டின்னில் ஒரு வரி எச்சரிக்கை இல்லை! அதுதான் எனக்குக் கோபம்.

நியாயமாகச் சொன்னால், ஒட்டுவதுதான் அந்த ஒயிலின் வேலை. ஒட்டாவிட்டால் ஐந்து மாதம் சுவரில் நிற்காது. இருந்தாலும் இந்த முறை நான் வாங்கப்போவதில்லை. பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி சாதாரண எஞ்சின் ஒயில், ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் இரண்டு மூன்று சுற்று, அவ்வளவுதான். பாதுகாப்பு கொஞ்சம் குறையும், தெரியும். ஏப்ரலில் காபுரேற்றரைக் கழற்றாமல் ரோட்டில் இறங்க வேண்டும் எனக்கு.