இரண்டு நாள் கெய்ரோ பேக்கேஜ்: எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. கெய்ரோவில் குறை இல்லை. கிழக்கிலங்கையில் கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் மக்கா உம்றாப் பயணத்தோடு ஒட்டி விற்கப்படும் இரண்டு நாள் பயணத்தில்தான் குறை. இந்தப் பேக்கேஜ்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. முதல் நாள் விமான நிலையத்திலிருந்து நேரே கீஸா, பிரமிட்டுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம், அதன்பிறகு பாப்பிரஸ் என்ற நாணல் தாள் விற்கும் கடை, அத்தர்க்கடை, பஃபே சாப்பாடு. இரண்டாம் நாள் அருங்காட்சியகத்தில் ஒரு ஓட்டம், பின்னேரம் கான் அல்-கலீலி சந்தை, இரவு விமானம். கடைகளில் போகும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பிரமிட்டுக்குக் கிடைத்ததைவிட அதிகமாக இருக்கும். வழிகாட்டிக்கு அந்தக் கடைகளில் கமிஷன் உண்டு. உண்மையான கெய்ரோ, அதாவது தெற்கே ஃபுஸ்தாத் பகுதியிலிருந்து வடக்கே பாபுல் ஃபுதூஹ் என்ற கோட்டை வாயில் வரை கிடக்கும் பழைய நகரம், பஸ் கண்ணாடிக்கு வெளியே போய்விடும்.

முழுதாக நான்கு நாள் தேவை. விமான நிலையம் நகரின் வடகிழக்கில், பிரமிட் மேற்கில். நடுவில் வாகன நெரிசல். இரண்டு மணித்தியாலம் ரோட்டிலேயே போவது அங்கே சாதாரணம். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டால்தான் கால் ஓயாமல் ஊரைப் பார்க்கலாம்.

பேக்கேஜ்தான் எடுப்பது என்று தீர்மானித்தவர்கள் முற்பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தின் டிக்கெட் விலைக்குள் அடங்குமா, எந்த நாள், எத்தனை மணிக்கு? ஹோட்டல் நைலின் எந்தக் கரையில், பக்கத்தில் எந்த மெட்ரோ நிலையம்? கடைகளுக்குப் போகாமல் தவிர்க்க முடியுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் காசு கட்ட வேண்டாம்.

விசா கையில் வருமுன் விமான டிக்கெட் வாங்க வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டோடு போய் இறங்கி அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், கொழும்பில் உள்ள எகிப்தியத் தூதரகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்காவுக்குப் போய், வளைகுடா நகர் ஒன்றில் விமானம் மாறிப் போவதே பெரும்பாலானோர் பிடிக்கும் வழி. ட்ரோன் கமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எகிப்துக்குள் அனுமதியில்லாமல் கொண்டுபோனால் சுங்கத்தில் பறிபோகும். நமது மூன்று முனை பிளக் அங்கே ஏறாது, இரண்டு உருண்டை முனை கொண்ட அடாப்டர் வேண்டும்.

அடுத்தது காசு. பிரமிட் வளாகம் உட்பட முக்கியமான தொல்லியல் இடங்களில் டிக்கெட்டுக்குப் பணத்தாள் வாங்குவதில்லை, கார்ட் மட்டும்தான். நமது வங்கிகளின் டெபிட் கார்ட் பல வெளிநாட்டில் வேலை செய்யாதபடி பூட்டித்தான் இருக்கும். புறப்படுமுன் வங்கிக்குப் போய்த் திறந்துவிடச் சொல்லுங்கள். குடும்பத்தில் ஒருவரிடமாவது வேலை செய்யும் கார்ட் இல்லாவிட்டால், டிக்கெட் ஜன்னலில் முன்பின் தெரியாத ஒருவர் "என் கார்டில் போடுகிறேன், காசைத் தாருங்கள்" என்று கூடுதலாகக் கறப்பார்.

2024 மார்ச்சில் எகிப்தியப் பவுணின் பெறுமதி விழுந்தபின், ஒரு பவுணை ஏறக்குறைய ஆறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம். அன்றைய விலையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 5, 10, 20 பவுண் தாள்களைத் தனியாக ஒரு பையில் வையுங்கள். கழிவறை வாசலில் நிற்பவர், செருப்பைக் காப்பவர், கேட்காமலே வழி காட்டுபவர் எல்லோரும் கையை நீட்டுவார்கள். சில்லறை இல்லாவிட்டால் பெரிய தாள் போகும், மிச்சம் வராது. 50 பவுணுக்குப் பதிலாக 50 பியாஸ்டர், அதாவது அரைப் பவுண், தாளைத் திருப்பித் தருவதும் நடக்கிறது. பியாஸ்டர் தாள் அளவில் சிறியது. எண்ணி வாங்குங்கள்.

எண்களையும் படித்துக்கொண்டு போங்கள். வாடகைக் கார் செயலியில் காரைப் பிடித்தால் வரும் காரின் இலக்கத்தகடு அரபு எண்ணில் இருக்கும். சைபர் ஒரு புள்ளி. வட்டமாக இருப்பது சைபர் அல்ல, 5. நமது 7 போல இருப்பது 6. மேலே திறந்த கூர் 7, கவிழ்ந்த கூர் 8. குர்ஆன் மத்ரசாவில் ஆயத்து இலக்கம் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. தகட்டை வாசிக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள்.

மெட்ரோவைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம். 1987 இல் தொடங்கியது, ஆபிரிக்காவின் முதல் மெட்ரோ. மலிவு, நெரிசலில் சிக்காது, நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு. வெளியேறும் கேட்டிலும் டிக்கெட் போடவேண்டும், எறிந்துவிடாதீர்கள். ஒரு இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: "கீஸா" என்ற நிலையத்தில் இறங்கினால் பிரமிட் பக்கத்தில் இருக்காது, இன்னும் பல கிலோமீற்றர் காரில் போகவேண்டும். முதலாம் பாதையில் நாஸருக்கும் ஷுஹதாவுக்கும் இடையில் "ஒராபி" என்ற நிலையம் வரும். 1882 கிளர்ச்சிக்குப் பிறகு பிரித்தானியர் இலங்கைக்கு நாடு கடத்திய அஹ்மத் ஒராபி பாஷாவின் பெயர் அது. 1883 முதல் 1901 வரை நம் நாட்டில் இருந்த மனிதர், கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி எழும்பக் கைகொடுத்தவர். அந்தப் பெயர்ப் பலகையைக் கண்டால் ஒரு கணம் நின்று பாருங்கள்.

இனி இடங்கள். முதல் நாள் பிரமிட்டுக்குத் திறக்கும் நேரத்திலேயே போங்கள். வளாகத்துக்குள் சுற்றும் பஸ்கள் 2025 முதல் ஓடுகின்றன, ஆகவே ஒட்டகமோ குதிரை வண்டியோ தேவையில்லை. ஒட்டகத்தில் ஏற ஒரு விலை சொல்லி, இறக்கிவிட இன்னொரு விலை கேட்பது அங்கே பழைய வழக்கம். வாசலுக்கு முன்னால் "டிக்கெட்டைக் காட்டுங்கள்" என்று சாதாரண உடுப்பில் ஒருவர் கேட்டால் கையில் கொடுக்காதீர்கள். வாங்கிக்கொண்டு வழிகாட்டியாக ஒட்டிக்கொள்வார். பெரிய பிரமிட்டுக்குள் நுழையத் தனி டிக்கெட். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 40 மீற்றர் நீளத்துக்குக் குனிந்தே ஏறவேண்டிய ஒடுக்கமான பாதை, வெக்கை, மேலே வெறும் கருங்கல் அறை, மூடியில்லாத ஒரு கற்பேழை. சுவரில் சித்திரம் ஒன்றும் இல்லை. முழங்கால் வலி, பிரஷர், மூச்சிழுப்பு உள்ளவர்கள் வெளியிலிருந்தே பார்ப்பது நல்லது, இழப்பு ஒன்றும் இல்லை.

பக்கத்தில் உள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முழுதாகத் திறக்கப்பட்டது. டிக்கெட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள். வாசலில் பார்க்கலாம் என்று போனவர்கள் திரும்பி வருகிறார்கள். அரை நாள் ஒதுக்குங்கள். 1922 இல் கண்டெடுக்கப்பட்ட துத்தன்காமன் மன்னனின் கல்லறைப் பொருட்கள் 5,000க்கு மேல் ஒரே இடத்தில் இருக்கின்றன, தங்க முகமூடியும் இப்போது இங்கேதான். எல்லோரும் அங்கேயே மொய்த்து நிற்பார்கள். ஆனால் வாவியோரத்தில் தோணியோடு வளர்ந்தவர்கள் பெரிய பிரமிட்டைக் கட்டுவித்த கூஃபு மன்னனின் படகுக்கு ஒரு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். 43 மீற்றர் நீளம், 4,500 வருடப் பழசு, 1954 இல் 1,224 துண்டுகளாகக் கிடைத்தது. கிட்டப்போய்ப் பலகைகளைப் பாருங்கள். கட்டியது ஆணியால் அல்ல, உள்பக்கம் துளையிட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீரில் மரம் ஊதும், கயிறு சுருங்கும், இடைவெளி தானாக அடைபடும். நமது கரையில் தோணி கட்டும் ஒருவர் இதைப் பார்த்தால் வெளியே வரவே மனம் வராது.

தஹ்ரீர் சதுக்கத்தின் பழைய அருங்காட்சியகம், 1902 கட்டடம், நேரம் மிஞ்சினால் போதும். அதன் வாசலில் "இன்று பூட்டு, தொழுகை நேரம், என் கடைக்கு வாருங்கள்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பாப்பிரஸ் வாங்க ஆசைப்படுபவர்கள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உண்மையானதில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் தெரியும், சுருட்டினால் வெடிக்காது. அரச மம்மிகள் 2021 ஏப்ரலிலேயே ஃபுஸ்தாத்தில் உள்ள நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

அந்த ஃபுஸ்தாத்துக்குத்தான் இரண்டாவது நாளைக் கொடுங்கள். முதலாம் பாதையில் மார் கிர்கிஸ் நிலையத்தில் இறங்கினால் ரோட்டுக்கு மறுபக்கமே ரோமர் கோட்டை வாயிலின் மேல் நிற்கும் தொங்கு தேவாலயம், ஒழுங்கைக்குள் அபூ ஸெர்கா ஆலயம். குழந்தை இயேசுவின் திருக்குடும்பம் தங்கியதாக நம்பப்படும் நிலவறை அங்கே உண்டு. மட்டக்களப்புக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது ஒன்றே போன பயணத்துக்குப் போதும். கொஞ்சத் தூரம் நடந்தால் அம்ர் இப்னு அல்-ஆஸ் பள்ளிவாசல், 642 இல் நிறுவப்பட்டது, ஆபிரிக்காவில் முதல் பள்ளி என்று சொல்லப்படுவது. கட்டடம் பலமுறை திருத்திக் கட்டப்பட்டது, அதனால் பழமையைக் கண்ணால் காண வேண்டுமானால் இப்னு தூலூன் பள்ளிக்குப் போங்கள். 879 இல் முடிந்த வேலை, இன்றும் அதே வடிவம். கூட்டம் குறைவு. வெளிப்பக்கம் சுற்றி ஏறும் படியுள்ள மினாராவில் ஏறினால் நகரம் முழுதும் தெரியும்.

மூன்றாம் நாள் மூன்றாம் பாதையில் பாப் அல்-ஷஃரியாவில் இறங்கி, பாபுல் ஃபுதூஹிலிருந்து அல்-முஇஸ் தெரு வழியாகத் தெற்கே நடந்துவாருங்கள். சுல்தான் கலாவூன் வளாகத்தின் கல் வேலைப்பாடு, கான் அல்-கலீலி, அல்-அஸ்ஹர் பள்ளிவாசல், கடைசியில் பாப் ஸுவைலா வாயில். எல்லாம் ஒரே கோட்டில் கிடக்கின்றன. அல்-அஸ்ஹரில் பெண்கள் தலை மூடவேண்டும், தொழுகை நேரத்தில் சுற்றிப்பார்க்கப் போகக்கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும்வரை இந்தப் பகுதியில் கடைகள் பெரும்பாலும் பூட்டு. நமது பகுதிப் பிள்ளைகள் அல்-அஸ்ஹரில் ஓதுகிறார்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு நடங்கள், எந்த வழிகாட்டியைவிடவும் மேல். நான்காம் நாள் சலாஹுத்தீன் கோட்டையும் எதிரே உள்ள சுல்தான் ஹஸன் பள்ளியும் போதும்.

சாப்பாட்டுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம், உறைப்பைத் தவிர. கொஷரி என்பது சோறு, மசூர்ப் பருப்பு, மக்ரோனி, கடலை, தக்காளிச் சாறு, மேலே பொரித்த வெங்காயம். மேசையில் உள்ள பூண்டு வினாகிரியையும் ஷத்தா என்ற மிளகாய்ச் சாறையும் விட்டுப் பிசைந்தால்தான் உயிர் வரும். டவுன்டவுனில் அபூ தாரிக் கடையில் இதை நம்பிச் சாப்பிடலாம். மரக்கறிக்காரர்களுக்கு கொஷரி, ஃபாவா அவரைப் பயற்றை அவித்த ஃபூல், அதே பயற்றை ஊறவைத்து அரைத்துப் பொரித்த தஅமிய்யா என்று பிரச்சினையே இல்லை. தஅமிய்யா நமது கடலை வடைக்கு அண்ணன். முலூகிய்யா கீரைக்கறியை மட்டும் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் கோழிச் சாற்றில்தான் காய்ச்சுவார்கள். G6PD என்ற நொதி குறைபாடு உள்ளவர்கள் ஃபூலையும் தஅமிய்யாவையும் தொடவே கூடாது, இரத்தச் சிவப்பணு உடைந்துபோகும். போத்தல் தண்ணீரின் மூடி முத்திரையோடு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலிருந்து ஒரு போத்தல் மாசிச் சம்பல் கொண்டுபோனால் மூன்றாம் நாள் எல்லோரும் உங்களைத் தேடிவருவார்கள்.

மார்கழி, தை நமக்கு மழைக்காலம், அங்கே வெளிக்கிட்டுத் திரிய நல்ல காலம். இரவில் குளிர் 10 பாகைக்கு இறங்கும், சாதாரண ஹோட்டல்களில் அறைச் சூடாக்கி இருக்காது, தடித்த உடுப்பு வேண்டும். பங்குனி முதல் வைகாசி வரை கம்ஸீன் மணற்காற்று. நோன்பு மாதத்தில் பார்வை நேரம் குறையும், ஆனால் அந்த இரவுகளின் கலகலப்புக்காகவே போகிறவர்கள் உண்டு.

திரும்பும்போது விமானம் எந்த டெர்மினல் என்று முதல்நாளே பாருங்கள், எல்லா டெர்மினலும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இல்லை. மிஞ்சிய பவுணை அங்கேயே விமான நிலைய வங்கியில் மாற்றிவிடுங்கள். மட்டக்களப்பில் அதை வாங்க ஆள் கிடைக்காது.