தூய நிலக்கரிக்கு அரசுக் காசு: முன்கூட்டியா, அளந்து பார்த்தா?

திருகோணமலையின் சம்பூரில் வரவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. இனிப் புதிதாக நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் இலங்கை மற்ற நாடுகளோடு சேர்ந்து ஒப்புக்கொண்டது. ஆனாலும் கிழக்குக்கு நிலக்கரிக் கணக்கு தீர்ந்துவிடவில்லை. மேற்குக் கரையில் ஓடும் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 900 மெகாவாட், மட்டக்களப்பும் அம்பாறையும் மின்சாரம் எடுக்கும் அதே வலையமைப்பில்தான் சேருகிறது. அதன் புகையைத் துப்புரவாக்க அரசு செலவழித்தால், அது வரியாகவோ மின் பட்டியலாகவோ வவுணதீவு வரைக்கும் வரும். எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதை விட, காசை எந்த விதமாகக் கொடுப்பது என்பதுதான் இதில் பெரிய கேள்வி.

முதல் வழி, கட்டுமானத்துக்கு முன்பே மானியம். அமெரிக்கா இதை நிறையவே செய்து பார்த்தது. நிலக்கரி நிலையத்தின் கரியமில வாயுவைப் பிடித்துப் புதைக்க 2003இல் அறிவித்த ஃபியூச்சர்ஜென் திட்டம் 2008இல் கலைந்து, 2010இல் ஒரு பில்லியன் டொலர் ஒதுக்கீட்டோடு எழும்பி, 2015 பெப்ரவரியில் நின்றது. அந்தக் காசை 2015 செப்டெம்பருக்குள் செலவழித்தாக வேண்டும் என்பது நிபந்தனை. வேலை முடிய முன்னமே காலம் முடிந்துவிட்டது. மிசிசிப்பியின் கெம்பர் நிலையத்தின் கதை இன்னும் மோசம். நிலக்கரியை எரிக்காமல் வாயுவாக்கி, சுத்திகரித்து, விசையாழிக்கு விடும் முறை அது. 3 பில்லியன் டொலருக்குள் முடியும் என்று தொடங்கிய செலவு 7 பில்லியனைத் தாண்டியது. 2017இல் வாயுவாக்கியைக் கைவிட்டு, வெறும் இயற்கை வாயுவில் ஓட விட்டார்கள். மானியம் வாங்கியவருக்கு இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காசு வந்து சேர்ந்துவிடும். இந்த வழியின் ஓட்டை அங்கேதான்.

ஆனால் மானியமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. நிலக்கரிப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் டெக்சாஸின் பெட்ரா நோவா 190 மில்லியன் டொலர் அரச உதவியோடு 2017 ஜனவரியில் குறித்த காலத்தில் ஓடத் தொடங்கியது. 2020இல் அது நின்றதற்குக் காரணம் எண்ணெய் விலைச் சரிவு. பிடித்த கரியமில வாயுவை எண்ணெய்க் கிணற்றுக்குள் செலுத்தித்தான் அவர்கள் வருமானம் பார்த்தார்கள். 2023இல் மறுபடி ஓடியது.

இரண்டாவது வழி, பிடித்துப் புதைத்த தொன்னுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. அமெரிக்க வரிச்சட்டத்தின் 45கியூ பிரிவு 2022 திருத்தத்தின்படி நிலத்தடியில் பூட்டி வைக்கும் ஒரு தொன்னுக்கு 85 டொலர் வரை தருகிறது. இதை நுரைச்சோலை அளவிலான 300 மெகாவாட் அலகு ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம். முழுச் சுமையில் அது மணிக்கு ஏறக்குறைய 115 தொன் நிலக்கரி எரிக்கும். அதில் எழும் கரியமில வாயுவின் 90 சதவீதத்தைப் பிடித்தால் நாளுக்கு 6,000 தொன், அதாவது ஐந்து இலட்சம் டொலருக்கு மேல். கேட்க இனிக்கும். ஆனால் புகையிலிருந்து வாயுவை உறிஞ்சுவது அமீன் என்ற இரசாயனக் கரைசல். பிடித்த வாயுவை விடுவிக்க அதை 120 பாகை வரை சூடாக்க வேண்டும். பழைய வகைக் கரைசலுக்குத் தொன்னுக்கு 3.5 கிகாஜூல் வெப்பம் போகும். அந்த நீராவியையும் வாயுவை அமுக்கும் மின்சாரத்தையும் கழித்தால் 300 மெகாவாட் 230, 240 ஆகிவிடும். மாலை உச்ச நேரத்தில் அந்தக் குறையை டீசல்தான் நிரப்பும். 2014இல் தொடங்கிய கனடாவின் பவுண்டரி டாம் நிலையத்தில் சாம்பல் தூசி கரைசலுக்குள் போய் அதைக் கெடுத்தது. அடைப்பு எடுப்பதே அங்கே பெரிய வேலையாயிற்று. அதற்கு மேல், புதைக்க இடம் வேண்டும். இலங்கையில் எண்ணெய் எடுக்கும் கிணறு ஒன்றுகூட இல்லை. வரிச்சலுகையும் இலாபம் பார்க்கும் கம்பனிக்குத்தான் உதவும். நேரடிக் காசாகத் தந்தாலொழிய, நட்டத்தில் ஓடும் அரச நிறுவனம் ஒன்றுக்கு அதனால் என்ன பயன்?

நமக்குப் பொருந்துவது மூன்றாவது வழி: புகை எல்லைக்குள் இருந்தால் மட்டும், விற்ற மின்சாரத்துக்குக் கூடுதல் விலை. சீனா 2016 தொடக்கம் புகைப் போக்கியில் தூசி 10, கந்தக ஈரொட்சைட்டு 35, நைதரசன் ஒட்சைட்டுகள் 50 மில்லிகிராம் (கனமீட்டருக்கு) என்ற எல்லைக்குள் ஓடும் பழைய நிலையங்களுக்கு ஓர் அலகு (யூனிட்) மின்சாரத்துக்கு ஒரு ஃபென் (யுவானில் நூறில் ஒரு பங்கு), புதியவற்றுக்கு அரை ஃபென் கூடுதலாகக் கொடுத்தது. போக்கியில் பொருத்திய தொடர் அளவுமானி சொன்னால்தான் காசு. இது ஏன் முக்கியம்? கந்தகம் நீக்கும் கருவியை வாங்கி வைப்பது ஒன்று, ஓட்டுவது வேறு. அதன் விசிறியும் பம்பியும் நிலையத்தின் மின்சாரத்தில் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தின்னும். காசு வராவிட்டால் இரவில் நிறுத்தி வைக்கத்தான் கை போகும். இந்தியா 2015இல் கந்தகப் புகைக்கு விதியை மட்டும் போட்டது. காலக்கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது.

அளவுமானியிலும் தில்லுமுல்லு நடக்கும். மாதிரி எடுக்கும் குழாய்க்குள் வெளிக்காற்றை விட்டால் அளவு குறைத்துக் காட்டும். அதனால்தான் எல்லாவற்றையும் 6 சதவீத ஒட்சிசனுக்குத் திருத்தி, அதாவது புகையில் ஒட்சிசன் அந்த அளவு இருந்தால் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு, வாசிக்கிறார்கள். ஒட்சிசன் அளவைப் பதியாத ஒப்பந்தம் வெறும் கடதாசி. இந்த வழி கரியமில வாயுவைத் தொடுவதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறைந்த நிலக்கரியில் கூடுதல் மின்சாரம் தரும் மீயுயர் அழுத்தக் கொதிகலன் புதிதாகக் கட்டுகிறவர்களுக்குத்தான். நமக்கு அது முடிந்த விடயம். ஜப்பானின் ஹெகினானில் 2024இல் நிலக்கரியோடு, எரித்தால் கரியமில வாயு வராத அமோனியாவை 20 சதவீதம் கலந்து எரித்தார்கள். அந்த அமோனியாவை இயற்கை வாயுவிலிருந்து எடுத்தால் புகை இடம் மாறும், அவ்வளவுதான்.

அப்படியானால் கரியமிலத்தைக் குறைக்க அம்பாறை உமியை நுரைச்சோலைக்கு ஏற்றலாமே என்று கேட்பார்கள். கணக்கு இடம் கொடுக்காது. உமி கனமீட்டருக்கு 100 கிலோதான். 30 கனமீட்டர் பெட்டியுள்ள லொறி நிறைய ஏற்றினாலும் 3 தொன். அது ஒன்றரைத் தொன் நிலக்கரிக்குச் சமம். நுரைச்சோலையின் 300 மெகாவாட் அலகு ஒன்று அதை முக்கால் நிமிடத்தில் எரித்துவிடும். ஐந்து சதவீதம் கலக்கவே நாளுக்கு 90 லொறிக்கு மேல் தீவின் குறுக்கே ஓட வேண்டும்.

உமியை சம்மாந்துறை, அக்கரைப்பற்று மில்களுக்குப் பக்கத்திலேயே எரிப்பதுதான் புத்தி. சின்ன நீராவி நிலையத்தில் ஓர் அலகு மின்சாரத்துக்கு 1.4 கிலோ உமி போகும். ஒரு மெகாவாட்டுக்கு நாளுக்கு 34 தொன், அதாவது 170 தொன் நெல் குத்திய உமி. மில்காரர் நெல் அவிக்க எடுப்பது போகத்தான் மிச்சம், ஆகவே பல மில்கள் சேர வேண்டும். அடுப்பை 850 பாகைக்கு மேல் விட்டால் உமியின் பொட்டாசியமும் சிலிக்காவும் உருகிக் கட்டி பிடிக்கும். குழாய் வளைவுகளைச் சாம்பல் அரம்போல் தேய்க்கும். இங்கேயும் கொதிகலனுக்கு மானியம் வேண்டாம், வலையமைப்புக்கு ஏறிய மின் அலகுக்குக் கொடுங்கள். ஆனால் நிலையம் திறந்த அன்றே, சும்மா கிடந்த உமிக்கு விலை பிறக்கும். செங்கல் சூளைக்காரரும் போட்டிக்கு வருவார். அலகு விலையில் எரிபொருள் பகுதியைத் தனியாகப் பிரித்து, உமி விலையோடு ஏறி இறங்க விடாவிட்டால் முதல் நெருக்கடியிலேயே கொதிகலன் ஆறிவிடும்.