மரவேலியும் வினைல் வேலியும்: ஒரே வளவில் பத்து வருடத்துக்கு மேல்

கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவைச் சுற்றி இரண்டு விதமான வேலி நிற்கிறது. பின்பக்கமும் வலப்பக்கமும் 2012 வசந்தத்தில் போட்ட மரவேலி, மொத்தம் 105 அடி. இடப்பக்கம் 2014 கோடையில் பக்கத்து வீட்டாரோடு செலவைப் பாதிபாதியாகப் பிரித்துப் போட்ட வெள்ளை வினைல் (ஒருவகைப் பிளாஸ்டிக்) வேலி, 60 அடி. திட்டம் போட்டு இப்படி வைக்கவில்லை, அந்தந்த நேரத்துக் காசும் அயலாரின் விருப்பமும் சேர்ந்து அப்படி அமைந்தது. ஆனால் ஒரே பனியும் ஒரே மழையும் இரண்டின் மேலும் விழுந்ததால், எதற்கு என்ன நடக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தது. புதிதாக வீடு வாங்கும் சொந்தக்காரர் யாராவது "வேலிக்கு மரமா வினைலா?" என்று கேட்டால் நான் அரைமணி நேரம் பேசுவேன், அதை இங்கே எழுதி வைக்கிறேன். முடிவையும் முதலே சொல்லிவிடுகிறேன்: திரும்பப் போடுவதென்றால் நான் மரம்தான் போடுவேன். வினைலில் நல்லது நிறைய இருக்கிறது, ஆனால் அது உடையும் நாளில் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

மரத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கே மலிவாகக் கிடைப்பது பிரஷர் ட்ரீற்றட் மரம், செம்பு கலந்த மருந்தை அழுத்தத்தில் உள்ளே ஏற்றியது. அதைவிட விலை கூடியது சிடார். சிடாருக்குள் உக்கலைத் தடுக்கும் சத்து இயற்கையாகவே இருக்கிறது, வெட்டும்போது வரும் மணமே தனி. எங்களுக்கு வீடு வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, சிடார் பக்கம் போகவே முடியாது. அதனால் பிரஷர் ட்ரீற்றட், எட்டடிக்கு ஒரு கட்டை, ஆறடி உயரம். ரொறொன்ரோவில் பின்வளவு வேலி 2 மீற்றர் வரை போகலாம் என்பதால் உயரத்தில் சிக்கல் இல்லை. வேலை முடிந்த பின்னேரம் வேலி போட்ட தம்பி என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, "அண்ணை, எல்லாக் கட்டையும் நாலடி தாட்டிருக்கு, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். நான் பகல் முழுக்க வேலையில் இருந்தேன், குழியை ஒரு தரமும் பார்க்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

ஏன் நாலடி? இங்கே குளிர்காலத்தில் நிலம் 4 அடி, அதாவது 1.2 மீற்றர் வரை உறையலாம் என்று கணக்கு வைத்துத்தான் அத்திவாரம் போடுகிறார்கள். ஈரமண் உறைந்தால் வீங்கும், வீங்குகிற மண் கட்டையைக் கவ்விக்கொண்டு மேலே தூக்கும், வசந்தத்தில் மண் இளகினாலும் கட்டை பழைய மட்டத்துக்கு முழுதாக இறங்காது. எங்கள் பக்கத்துக் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் இது இன்னும் மோசம். மூன்றாவது வருடமே படலைக் கொக்கி பொருந்தவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் கழற்றிக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பூட்டினேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

2013 டிசம்பர் பனிமழையில் ரொறொன்ரோ முழுக்க மரங்கள் முறிந்து மின்சாரம் போனது ஞாபகம் இருக்கும். எங்கள் பின்பக்க மேப்பிள் கொப்பு ஒன்று வேலிக்கு மேல் விழுந்து மூன்று பலகையும் ஒரு குறுக்குச் சட்டமும் போய்விட்டன. மே மாதம் கடைக்குப் போய் அதே அளவுப் பலகையும் சட்டமும் ஒரு பெட்டி ஆணியும் வாங்கி வந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் வேலை முடிந்தது, செலவு அறுபது டொலருக்குள். அன்றைக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை.

ஆணியைப் பற்றி ஒரு சொல். மருந்திலுள்ள செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும். எங்கள் வேலியில் முதலில் அடித்தது மெல்லிய துத்தநாகப் பூச்சு ஆணி, நாலு வருடத்தில் ஒவ்வொரு ஆணித் தலையிலிருந்தும் கறுப்பாக ஒரு கோடு வடிந்து நின்றது. சில ஆணிகள் கையால் இழுக்க வந்தன. கொதிக்கும் துத்தநாகத்தில் முக்கியெடுத்த தடித்த பூச்சு ஆணி, இல்லாவிட்டால் துருப்பிடிக்காத ஸ்ரீல் திருகாணி என்று கேட்டு வாங்குங்கள். சிடாருக்கும் இதேதான்.

பெயின்ற் பூசாதீர்கள், ஸ்ரெயின், அதாவது மரத்துக்குள் ஊறும் சாயம், பூசுங்கள். அதிலும் மரத்தின் ரேகை தெரிகிற, பாதி ஒளி ஊடுருவும் வகை நல்லது, அது உரியாது, மெல்ல மங்கும், மேலே அப்படியே திரும்பப் பூசலாம். புது மரம் ஈரமாக வரும், அது காயும்வரை பொறுங்கள். பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக நின்றால் இன்னும் காலம் இருக்கிறது, உள்ளே இழுத்துக்கொண்டால் பூசலாம். நாங்கள் 2013, 2016, 2019, 2023 என்று நாலு தரம் பூசினோம். ஒவ்வொரு தரமும் நானும் மனைவியும் இரண்டு முழுநாள். இதைச் செய்ய முடியாது, செய்ய மனமும் இல்லை என்றால் மரம் உங்களுக்குச் சரிவராது, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

இன்னொன்று, வேலிக்கு வெளியே போகிற விஷயம் என்றாலும் நம்மவர்களுக்கு அவசியம். 2003 முடிவு வரை வீட்டுப் பாவனைக்கு வந்த பிரஷர் ட்ரீற்றட் மரத்தில் ஆர்சனிக் இருந்தது. பழைய வீடு வாங்கி, அங்கே பச்சை படிந்த பழைய வேலியைக் கழற்றினால் அந்தப் பலகையை எரிக்காதீர்கள், கீரைப் பாத்திக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் சுற்றி அடிக்காதீர்கள். பலகை சும்மா கிடக்கிறதே என்று செய்த இரண்டு வீட்டை நானே பார்த்துச் சொல்லிக் கழற்ற வைத்திருக்கிறேன்.

சரி, வினைலுக்கு வருவோம். இடப்பக்க வீட்டில் அப்போது இருந்தது வயதான இத்தாலியத் தம்பதி. "எனக்கு இனிப் பூச முடியாது, பூச வேண்டாத வேலி போடுவோம்" என்று அந்த ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. அடிக்கு அடி பார்த்தால் மரத்தைவிட இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்தது. முதல் நாலு வருடம் நான் அதை வாயாரப் புகழ்ந்தேன். வருடத்துக்கு ஒரு தரம் தோட்டக் குழாயால் கழுவினால் போதும். நிழல் பக்கம் பச்சைப் பாசி பிடிக்கும், மூன்று பங்கு வினாகிரிக்கு ஏழு பங்கு தண்ணீர் கலந்து தேய்த்தால் போய்விடும். உக்கல் இல்லை, சிலாம்பு குத்துகிற பயமில்லாமல் சின்னப் பிள்ளைகள் கையை வைத்துக்கொண்டு ஓடலாம். மாசி மாத வெயில் அடிக்கிற காலையில் அதிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வரும். குளிரில் சுருங்கியது விரிகிற சத்தம் அது. எட்டடிச் சட்டம் ஒன்று, கடுங்குளிருக்கும் கடும் வெயிலுக்கும் இடையில் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் நீளம் மாறும். அதற்கு இடம் விட்டுக் கட்டையின் துளைக்குள் செருகத் தெரிந்தவர் போட்டால் பிரச்சினை இல்லை, இறுக்கிப் போட்டால் கோடையில் வளையும்.

2018 ஜனவரி, வெளியே மைனஸ் இருபது. மகன் பின்வளவில் ஹொக்கி விளையாடினான், ஹொக்கி புக், அந்த ரப்பர் வட்டு, வினைல் பலகையில் பட்டது. கோடையில் அதே இடத்தில் எத்தனையோ பந்து பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. குளிரில் வினைல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கைவிரல் மூன்று நுழைகிற அளவு ஓட்டை, அதன் ஓரம் கத்தி மாதிரிக் கூர், அதிலிருந்து மேலும் கீழும் இரண்டடிக்கு மயிர்க்கோடு போல வெடிப்பு. வசந்தத்தில் வாங்கின இடத்துக்குப் போனேன். அந்த வகையை நிறுத்திவிட்டோம் என்றார்கள். புது வகையின் பலகை எங்கள் சட்டத்தின் காடிக்குள் நுழையவில்லை, கொஞ்சம் தடிப்பு. வேறு மூன்று கடையில் கேட்டேன். நிறமும் பொருந்தவில்லை, நாலு வருட வெயிலில் எங்களுடையது பாலாடை நிறத்துக்கு மாறியிருந்தது புதுப் பலகையைப் பக்கத்தில் பிடித்த பிறகுதான் தெரிந்தது. கடைசியில் ஓட்டைக்குப் பின்னால் ஒரு துண்டை ஒட்டி விட்டேன். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அறுபது டொலரில் முடிந்த அந்தச் சனிக்கிழமையை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது யன்னல். 2019 இல் எங்கள் பக்கச் சுவர் யன்னல்களை மாற்றினோம், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி. அடுத்த வருடம் வினைல் வேலியில் ஓரிடத்தில் பலகை அலை அலையாக நெளிந்திருந்தது. முதலில் பார்பிக்யூ அடுப்பு என்று நினைத்தேன், ஆனால் அடுப்பு அந்தப் பக்கமே இல்லை. ஒரு பின்னேரம் நின்று பார்த்தபோது யன்னலில் பட்ட வெயில் ஒரு பளிச்சென்ற பட்டையாக வேலியில் விழுந்து மெல்ல நகர்ந்தது. கையை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. இந்தக் கண்ணாடிகள் குளிரில் உள்ளே கொஞ்சம் குழியும், அப்போது வெயிலைக் குவிக்கும். யன்னல் முழுவதுக்கும் வெளிப்பக்கம் வலை போட்ட பிறகு நின்றது. நெளிந்தது நெளிந்ததுதான்.

இனி 2022 மே 21. விக்ரோறியா தின நீண்ட வார இறுதியின் சனிக்கிழமை மத்தியானம், கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின, அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் காற்று. கிச்சினர் விமான நிலையத்தில் மணிக்கு 132 கிலோமீற்றர் பதிவானது அன்றைக்குத்தான். இடைவெளி இல்லாத வேலி காற்றுக்குப் பாய் விரித்தது மாதிரி. வினைலில் இரண்டு பகுதி சட்டத்தோடு கழன்று புல்லில் கிடந்தது, ஒன்றைத் திரும்பச் செருக முடிந்தது, மற்றதின் சட்டம் கொழுவும் முனையில் உடைந்துவிட்டது. மரவேலியில் மூன்று கட்டை நிலமட்டத்தில் முறிந்து, பின்பக்கம் முழுவதும் சாய்ந்து நின்றது.

அந்த மூன்று கட்டையையும் நானும் மகனும் தோண்டியெடுத்தோம். அதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து, நிலத்தடிக் குழாயும் கம்பியும் எங்கே போகின்றன என்று குறித்து வாங்கினோம். அது இலவசம், சட்டப்படி அவசியமும் கூட. கொங்கிறீற் கட்டியை வெளியே இழுத்து நாடாவை வைத்தால் முப்பது அங்குலம். மற்றதும் முப்பது. மூன்றாவது இருபத்தெட்டு. நாலடி என்று சொன்னது நாற்பத்தெட்டு அங்குலம் அல்லவா. இத்தனை வருடமாக ஏப்ரலில் கொக்கியை நகர்த்தியதற்குக் காரணம் அங்கே கிடந்தது. இன்னொன்றும் பார்த்தோம்: கொங்கிறீற்றின் மேல்முகம் மண்ணுக்குக் கீழே கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது, அதற்குள் தண்ணீர் தங்கித் தங்கிக் கட்டையைச் சரியாக அந்த வளையத்தில் தின்றிருக்கிறது. மேலேயும் கீழேயும் மரம் நல்ல மரம், நடுவில் இரண்டு அங்குலம் ஊறின பாண் மாதிரி.

எங்கள் ஊரில், யாழ்ப்பாணத்தில், அப்பா கதியால் போட்டது கிளுவையும் பூவரசும். அது உயிருள்ள கட்டை, மாரி மழையில் வேர் விட்டுத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். அதில் வரிந்து கட்டும் கிடுகும் பனையோலையும்தான் பழுதாகும், வருடா வருடம் பிடுங்கித் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டுவிட்டு வேலி அடைப்போம். வேலி என்றால் வருடத்துக்கு ஒரு தரம் கைவைக்கிற ஒன்று என்று வளர்ந்ததாலோ என்னவோ எனக்கு அந்த வேலை பாரமாகத் தெரிவதில்லை. ஆனால் இங்கே கட்டை செத்த மரம், அதை மண்ணும் தண்ணீரும் தொடுகிற இடம்தான் வேலியின் ஆயுள். புதுக் கட்டைகளுக்கு 48 அங்குலத்துக்கும் கீழே தோண்டி, அடியில் ஆறு அங்குலம் சல்லி போட்டு, கொங்கிறீற்றை மண்ணுக்கு மேல் எழுப்பிச் சுற்றிவரச் சரிவாக வழித்துவிட்டேன். கட்டையும் மண்ணுக்குள் வைப்பதற்கென்று முத்திரை போட்ட வகை, எல்லாப் பிரஷர் ட்ரீற்றட் மரமும் அதற்கு ஏற்றதில்லை. பழைய பலகைகளில் பாதிக்கு மேல் திரும்பப் பயன்பட்டன.

வினைல் போடத்தான் போகிறீர்கள் என்றால், கட்டை விஷயம் அதற்கும் அப்படியே பொருந்தும். கீழ்ச்சட்டத்துக்குள் அலுமினியமோ இரும்போ செருகியிருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் நடுவில் தொய்யும். படலைக் கட்டைக்கு அது கட்டாயம். வினைல் வேலிக்கான ஏஎஸ்டிஎம் எஃப்964 (ASTM F964) தரத்துக்கு உட்பட்டதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், வாங்கும் அன்றைக்கே நாலு பலகையும் இரண்டு சட்டமும் கூடுதலாக வாங்கிக் கராஜுக்குள் வெயில் படாமல் வையுங்கள். இதை 2014 இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இந்த ஒட்டுத் துண்டு இருந்திருக்காது.

அந்த இத்தாலிய ஐயா இப்போது இல்லை, வீட்டை மகள் பார்க்கிறார். உடைந்த சட்டத்தின் இடத்தில் இப்போதைக்கு ஒரு ட்ரீற்றட் மரச் சட்டத்தை வெள்ளை அடித்துப் பூட்டியிருக்கிறோம், இடப்பக்கம் முழுவதையும் மாற்றுகிற அன்றைக்கு மரம் போட அவரும் சம்மதித்துவிட்டார். இந்த ஏப்ரலில் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன், மண்ணை ஒரு அங்குலம் விலக்கிவிட்டுக் குத்த வேண்டும். பழைய கட்டைகளில் வலப்பக்கம் ஐந்தாவது மட்டும் கால் அங்குலம் உள்ளே போனது. அதற்கான கட்டை கராஜில் காய்கிறது, வரும் மாதம் குழி வெட்டுகிறோம்.